தீவனத்தில் போடும் பவுடர் பாதுகாப்பானதா? வடாற்காடு கால்நடை வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொய்கையில் செவ்வாய்க்கிழமை சந்தை கூடும். மாடு வாங்க வந்தவர் பல்லைப் பார்த்து, மடியைத் தொட்டுப் பார்த்து, விலை பேசி முடித்த கையோடு என்னைப் போன்ற கால்நடை மருத்துவரைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "டாக்டர், இதுக்கு என்ன பவுடர் போடணும்?" அந்தப் பவுடர் மாட்டுக்குத் தீங்கு செய்யாதா, பாலைக் குடிக்கும் பிள்ளைக்குத் தீங்கு செய்யாதா, மூட்டையைப் பிரித்துக் கலக்கும் அம்மாவின் மூச்சுக்குத் தீங்கு செய்யாதா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்களும் இருக்கிறார்கள். குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆற்காடு பக்கத்து மக்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே கீழே வைத்திருக்கிறேன்.

ஊட்டச் சேர்மானம்னு எதைச் சொல்றீங்க? தவிடு, புண்ணாக்கும் அதுல சேர்த்தியா?

சேர்த்தி இல்லை. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, வைக்கோல், கோ-4 புல் எல்லாம் தீவனம். மாட்டின் வயிறு நிறைவது அவற்றால்தான். ஊட்டச் சேர்மானம் என்பது அந்தத் தீவனத்தில் குறைவாக இருக்கும் சத்தை ஈடுகட்ட, கிராமிலும் மில்லிகிராமிலும் சேர்ப்பது. ஐரோப்பியச் சட்டம் இதை நான்காகப் பிரிக்கிறது: வைட்டமின்கள்; செம்பு, துத்தநாகம், செலினியம், அயோடின், கோபால்ட் போன்ற நுண்தாதுக்கள்; லைசின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள்; யூரியா. நம் ஊரில் "மினரல் மிக்சர்" என்று வாங்கும் தாது உப்புக் கலவையில் கால்சியம், பாஸ்பரஸோடு இந்த நுண்தாதுக்களும் சேர்ந்து வருகின்றன.

சத்துதானே சார், அது எப்படி விஷமாகும்?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

செலினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது குறைந்தால் கன்றுக்குத் தசை வெளுத்து நடக்க முடியாமல் போகும், மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழாமல் தங்கும். ஆகவே தேவை. எவ்வளவு தேவை? கறவை மாட்டுக்கு ஒரு கிலோ உலர் தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம். பத்து கிலோ உலர் தீவனம் தின்னும் மாட்டுக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம். அதாவது ஒரு கிராம் செலினியம் முந்நூறு மாடுகளுக்கு மேல் ஒரு நாளைக்குப் போதும். ஐரோப்பாவில் தீவனத்தில் ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்து மொத்தம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தேவைக்கும் உச்சவரம்புக்கும் நடுவே உள்ள சந்து எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். கடைக்காரர் "ஒரு ஸ்பூன் கூடப் போட்டா நல்லது" என்று சொல்லும்போது இந்தக் கணக்கு அவர் மனதில் இருக்காது.

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் போலோ விளையாட்டுக்கு வந்த 21 குதிரைகள் அடுத்தடுத்து விழுந்து செத்தன. கொடுத்தது விஷமருந்து எதுவும் இல்லை, ஊட்டக் கலவைதான். அதைத் தயாரித்த இடத்தில் செலினியத்தின் அளவு தவறிவிட்டது. சத்து அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

எல்லாச் சத்தும் இப்படி இல்லை. பி வைட்டமின்கள் தண்ணீரில் கரைபவை, மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைபவை, உடம்பில் தங்கும். டி அதிகமானால் இரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும். அதனால் "வைட்டமின் எவ்வளவு போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். எந்த வைட்டமின், எந்த மிருகம், எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

பாதுகாப்பானதுன்னு யாரு, எப்படி முடிவு பண்றாங்க?

ஐரோப்பிய முறையைச் சொல்கிறேன், அதுதான் விரிவாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இத்தாலியின் பார்மா நகரில் உள்ள ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒவ்வொரு சேர்மானத்துக்கும் நான்கு பேரின் நலனைப் பார்க்கிறது: தின்னும் மிருகம், அதன் பாலையும் கறியையும் முட்டையையும் உண்ணும் மனிதர், மூட்டையைக் கையாளும் தொழிலாளி, சாணம் போய்ச் சேரும் மண்ணும் தண்ணீரும்.

மிருகத்துக்கு: பொதுவாக, எந்த மிருகத்துக்கு விற்கப் போகிறார்களோ அந்த மிருகத்துக்கே கொடுத்துப் பார்க்க வேண்டும். எலியில் பார்த்தது மட்டும் பெரும்பாலும் போதாது. ஒரு கூட்டத்துக்குச் சேர்மானம் இல்லாத தீவனம், ஒரு கூட்டத்துக்குச் சொன்ன அளவு, இன்னொரு கூட்டத்துக்கு அதைப் போல் பல மடங்கு. பத்து மடங்கு கொடுத்தும் தாங்கியது என்றால் கலப்பில் சிறு தவறு வந்தாலும் ஆபத்தில்லை என்று துணிந்து சொல்லலாம். ஒன்றரை, இரண்டு மடங்கிலேயே எடை குறைந்தது, ஈரல் பாதித்தது என்றால் உச்சவரம்பு இறுக்கமாக வரும்.

மனிதருக்கு: புதுப் பொருள் என்றால் மரபணுவைச் சேதப்படுத்துமா என்ற சோதனையும் எலிகளுக்குத் தொண்ணூறு நாள் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். தீங்கு தெரியாத அளவைக் கண்டுபிடித்து, பொதுவாக அதை நூறால் வகுத்து மனிதருக்கான அளவை வைப்பார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பத்து, மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பத்து. வைட்டமினும் தாதுவும் மனிதரே உண்ணும் சத்துகள் என்பதால், பாலும் ஈரலும் உண்டு ஒருவர் உடம்பில் சேரும் மொத்தம் தாங்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்று கணக்கிடுவார்கள். அனுமதி கொடுத்தாலும் பத்து ஆண்டுதான், பிறகு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் இருக்கிறது என்பது. விற்பவர் தலையில். "கெடுதல் என்று நீ காட்டு" என்று விவசாயியிடம் சொல்ல முடியாது. "கெடுதல் இல்லை என்று நான் காட்டுகிறேன்" என்று தயாரிப்பவர்தான் ஆவணத்தோடு வர வேண்டும்.

இந்த நியாயம் நம் ஊருக்குப் புதிதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில், தீங்கு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும், தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் செய்பவருடையது என்பதும் இந்திய மண்ணின் சட்டமாகவே ஏற்கப்பட்டன. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் வேலூர் பெயரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். ஆற்றுக்கு நாம் கேட்டு வாங்கிய அந்த நியாயத்தைத் தீவன மூட்டைக்கும் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

நம் நாட்டில் தீவனத்துக்கான தரநிலைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுக்கிறது. மாட்டுக் கலப்புத் தீவனத்துக்கு ஐ.எஸ். 2052, தாது உப்புக் கலவைக்கு ஐ.எஸ். 1664. மூட்டையில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்க வீட்ல மாடும் இருக்கு, நாலு செம்மறியும் இருக்கு. ஒரே மினரல் மிக்சரை ரெண்டுக்கும் போடலாமா?

வேண்டாம் அக்கா, செம்மறிக்கு மாட்டுக் கலவை வேண்டவே வேண்டாம்.

செம்புதான் காரணம். மாடு மிஞ்சிய செம்பைப் பித்தநீர் வழியாக ஓரளவு வெளியேற்றிவிடும். செம்மறியால் அது முடியாது, ஈரலில் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். ஐரோப்பாவில் வளர்ந்த மாட்டின் தீவனத்துக்கு கிலோவுக்கு 30 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம், வெள்ளாட்டுக்கு 35, செம்மறிக்கு வெறும் 15. கணக்கைப் பாருங்கள். ஒரு கலவையில் செம்பு 0.1 விழுக்காடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 கிராம் போட்டால் 15 மில்லிகிராம் செம்பு. ஒரு நாளைக்கு ஒரு கிலோ உலர் தீவனம் தின்னும் செம்மறிக்கு அதுவே உச்சவரம்பு. புல்லிலும் புண்ணாக்கிலும் இருக்கும் செம்பு அதற்கு மேல்.

இதில் கொடுமை என்னவென்றால், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆடு நன்றாகவே இருக்கும். ஒரு நாள் சந்தைக்கு ஏற்றிப் போன அலைச்சலிலோ பட்டினியிலோ ஈரல் சேர்த்து வைத்த செம்பை இரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடையும், கண் மஞ்சளாகும், மூத்திரம் கருங்காப்பி நிறத்தில் வரும், ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று அழுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பவுடர் போட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருக்கும், அதோடு இதை யாரும் முடிச்சுப் போட்டிருக்க மாட்டார்கள்.

மூட்டையில் "எல்லாக் கால்நடைகளுக்கும்" என்று பொதுவாகப் போட்டிருந்தால் செம்மறி வளர்ப்பவர் அதை வாங்காமல் விடுவது நல்லது.

தீவனத்துல யூரியா இருக்குன்னு சொல்றாங்க. வயலுக்குப் போடுற உரத்தை மாட்டுக்குப் போடலாமா?

அசைபோடும் மிருகத்தின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவை எடுத்துத் தங்கள் உடம்புக்குப் புரதமாக்கிக்கொள்ளும், பிறகு அந்த நுண்ணுயிர்களை மாடு செரித்துக்கொள்ளும். அதனால் யூரியா மாட்டுக்கு உண்மையிலேயே ஊட்டச் சேர்மானம்தான். ஆனால் மூன்று நிபந்தனை.

முதலாவது, பெருவயிறு முதிர்ந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கும், பன்றி, கோழி, குதிரைக்கும் கூடவே கூடாது. இரண்டாவது, அம்மோனியாவோடு சேர மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும். மக்காச்சோளம், வெல்லப்பாகு போல ஏதாவது இருந்தால்தான் நுண்ணுயிர்கள் வேலை செய்யும், வெறும் காய்ந்த வைக்கோலோடு யூரியாவைத் தூவிக் கொடுத்தால் அம்மோனியா நேரே இரத்தத்துக்குப் போகும். மூன்றாவது, அளவும் பழக்கமும். கலப்புத் தீவனத்தில் ஒரு விழுக்காடு என்பது பாதுகாப்பான வழக்கம், அதுவும் சிறிது சிறிதாகப் பழக்கி. தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் வைப்பது மட்டும் ஒருக்காலும் செய்யாதீர்கள்.

வைக்கோலை யூரியாவில் ஊறவைப்பது வேறு வழி. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்து, பிறகு பிரித்து ஆறவிட்டுக் கொடுப்பது. முறையாகச் செய்தால் நல்லது, ஏரி வறண்ட காலத்தில் கைகொடுக்கும்.

இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் என்று எழுதுவார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ யூரியா கிட்டத்தட்ட 2.87 கிலோ "புரதம்" காட்டும். மூட்டையில் 20 விழுக்காடு புரதம் என்று போட்டிருந்தால் அதில் எவ்வளவு புண்ணாக்கிலிருந்து வந்தது, எவ்வளவு யூரியாவிலிருந்து வந்தது என்று கேளுங்கள். இதே ஓட்டையில் நுழைந்ததுதான் மெலமின். 2008-இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் புரதக் கணக்கைக் கூட்ட அதைச் சேர்த்து, பச்சிளங் குழந்தைகளின் சிறுநீரகம் கெட்டது.

யூரியா மிஞ்சினால் அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்: எச்சில் வடியும், வயிறு உப்பும், உடம்பு நடுங்கும், தள்ளாடி விழும். உடனே கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழையுங்கள். குளிர்ந்த தண்ணீரும் வினிகரும் கொடுப்பது முதலுதவி, ஆனால் விழுந்துகிடக்கும் மாட்டின் தலையைத் தூக்கி ஊற்றினால் புரையேறி நுரையீரலில் இறங்கிவிடும். மருத்துவர் குழாய் விட்டுக் கொடுப்பதுதான் சரி.

மாட்டுக்குப் போடுறது பாலுக்கு வந்துடுமா?

சில வரும், சில வராது. செம்பும் துத்தநாகமும் பாலில் அவ்வளவாகக் கூடாது, மாட்டின் உடம்பு அதைக் கட்டுப்படுத்திவிடும். அயோடின் அப்படி இல்லை, தீவனத்தில் கூடக்கூடப் பாலிலும் கூடும். அதனால்தான் ஐரோப்பாவில் பால்மாட்டுக்கும் முட்டைக்கோழிக்கும் மற்ற பெரும்பாலான மிருகங்களைவிடக் குறைந்த அயோடின் வரம்பு, கிலோவுக்கு 5 மில்லிகிராம். வைட்டமின் ஏ ஈரலில் குவியும். வாரம் தவறாமல் ஈரல் வறுவல் உண்ணும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அது கவனிக்க வேண்டிய விஷயம், ஏனெனில் அளவு மீறிய வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கும்.

சேர்மானத்தைவிடப் பாலுக்கு எனக்கு அதிகக் கவலை தருவது பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. வடாற்காடு மல்லாட்டை விளையும் பூமி. மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் கட்டிய மல்லாட்டையில் அஃப்ளாடாக்சின் உண்டாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகம் இந்த நஞ்சைத் தெரிந்துகொண்டது, அவற்றுக்குக் கொடுத்ததும் கடலைப் புண்ணாக்குதான். மாடு தின்றால் இதன் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வரும். நம் நாட்டில் பாலுக்கு லிட்டருக்குச் சுமார் 0.5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். "டாக்சின் பைண்டர் போட்டாச்சு, கெட்ட புண்ணாக்கும் ஓடும்" என்று விற்பார்கள். ஓடாது. பைண்டர் ஓரளவு பிடித்துக்கொள்ளும், அழுகலை நல்லதாக்காது.

ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியம் விஷம்னு சொல்றாங்க, மாட்டுக்கு குரோமியம் பவுடர் விக்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?

பெயர் ஒன்று, தன்மை வேறு. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுமேட்டிலிருந்து நிலத்தடி நீரில் இறங்குவது அறுமதிப்புக் குரோமியம். உயிரணுவுக்குள் எளிதில் புகும், மரபணுவைச் சேதப்படுத்தும், புற்றுநோய் தரும். தீவனச் சேர்மானமாக விற்பது மும்மதிப்புக் குரோமியம். அது உயிரணுவுக்குள் அவ்வளவு எளிதில் நுழையாது. வெயில் தாக்கத்தில், கன்று ஈன்ற நாட்களில் சர்க்கரை பயன்பாட்டுக்கு உதவும் என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு வகைக்கு, மாட்டுக்கு, குறிப்பிட்ட அளவில் அனுமதி உண்டு. ஐரோப்பாவில் குரோமியத்தை ஊட்டச் சேர்மானமாக அனுமதிக்கவில்லை. இரண்டு இடத்து அறிஞர்களும் வேறு வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள், அது உண்மையில் தேவையான சத்துதானா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். வாலாஜா, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் தோல் ஆலை அருகே கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் மாட்டுக்குக் குரோமியம் பவுடர் போட நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். பாதுகாப்புக் கணக்கில் மூட்டையில் உள்ளது மட்டும் வராது, தொட்டியில் உள்ளதும் புல்லில் உள்ளதும் சேர்ந்துதான் வரும். தோல் சீவலை அரைத்துப் புரதம் என்று கோழித் தீவனத்தில் கலப்பது வங்கதேசத்தில் பெரிய பிரச்சினையாக நீதிமன்றம் வரை போனது. "மலிவான புரதம்" என்று யாராவது எதையாவது கொண்டுவந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

டி.சி.பி. மலிவா கிடைக்குது, வாங்கலாமா?

டைகால்சியம் பாஸ்பேட் பாறைப் பாஸ்பேட்டிலிருந்து வருவது. பாறையில் ஃபுளோரின் உண்டு, அதை நீக்கினால்தான் தீவனத்துக்கு ஆகும், நீக்கச் செலவாகும். விலை ரொம்பக் குறைவு என்றால் நீக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் உண்டு, அங்கே இரண்டும் சேரும். கன்றுப் பருவத்தில் ஃபுளோரைடு மிஞ்சிய மாட்டின் பல்லில் பழுப்புப் பட்டை விழும், வயது கூடக்கூட நொண்டும், கால் எலும்பில் முண்டு தெரியும். பல்லைப் பார்த்து மாடு வாங்குகிறவர்கள் அந்தப் பட்டையையும் பார்த்து வையுங்கள்.

பக்ரீதுக்குக் கிடா வளர்க்கிறோம். சீக்கிரம் எடை ஏற என்ன போடலாம் டாக்டர்?

பேரணாம்பட்டிலிருந்து ஒரு பாய் ஆண்டுதோறும் கேட்பார். எடை ஏற்ற வேண்டியது நல்ல தீவனமும் குடற்புழு நீக்கமும்தான் பாய், பவுடரில் இல்லை. கிடாவுக்கு முக்கியமான ஆபத்து மூத்திரக் கல். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. தவிடும் சோளமுமே தின்னும் கிடாவுக்கு, மேலும் பாஸ்பரஸ் மிகுந்த தாதுக் கலவையைச் சேர்த்தால் குறுகலான மூத்திரக் குழாயில் கல் அடைக்கும். முக்கி முக்கி நிற்கும், சொட்டுச் சொட்டாக வரும், அடைத்தே விட்டால் பெருநாளுக்கு முன்பே போய்விடும். கால்சியமும் பாஸ்பரஸும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பசுந்தழை, வேர்க்கடலைக் கொடி, உப்பு, எப்போதும் தண்ணீர், இவை போதும்.

சினை மாட்டுக்குக் கன்னு போடுறதுக்கு முன்னாடியே கால்சியம் டானிக் கொடுத்தா பால் ஜுரம் வராதாமே?

தலைகீழ். ஈனுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் சுரப்பு வேலை மறந்துவிடும். கன்று விழுந்த அன்று பால் மடிக்கு இறங்கும்போது இரத்தத்தில் கால்சியம் சரியும், மாடு எழுந்திருக்காது. அந்த வாரங்களில் கால்சியம் டானிக்கை நிறுத்தி வையுங்கள். ஈன்ற பிறகு கொடுங்கள். பொருள் பாதுகாப்பானதாக இருந்தாலும் கொடுக்கும் நாள் தவறினால் கெடுதல்தான்.

"ஆர்கானிக் மினரல்"னு விலை கூடப் போட்டு விக்கிறாங்க. அது இயற்கையா?

அந்தச் சொல்லுக்கு இங்கே இயற்கை என்று பொருள் இல்லை. தாதுவை அமினோ அமிலத்தோடோ ஈஸ்டோடோ பிணைத்திருக்கிறார்கள் என்று பொருள். உடம்பில் ஏறுவது சிலவற்றில் கூடுதல். கூடுதலாக ஏறும் என்பதால்தான் எச்சரிக்கையும் கூடுதல்: ஈஸ்ட் செலினியம் பாலிலும் கறியிலும் அதிகம் படிவதால், சேர்க்கும் அளவை ஐரோப்பா கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று தனியாக இறுக்கியது.

லைசின், டிரிப்டோஃபேன் எல்லாம் பாக்டீரியாவுல தயாரிக்கிறாங்களாமே?

ஆமாம், சர்க்கரைப் பாகில் பாக்டீரியாவை வளர்த்துப் புளிக்கவைத்து எடுப்பது. இட்லி மாவு புளிக்கும் தத்துவம்தான், பாத்திரம் மிகப் பெரிது. மரபணு மாற்றிய பாக்டீரியா என்றால், முடிந்த பொருளில் அதன் உயிரோ மரபணுவோ எஞ்சவில்லை என்று தயாரிப்பவர் காட்ட வேண்டும். மாட்டுக்கு ஒரு எச்சரிக்கை: காப்புறை இல்லாத டிரிப்டோஃபேனைப் பெருவயிற்று நுண்ணுயிர்கள் உடைத்து நுரையீரலைக் கெடுக்கும் பொருளாக மாற்றும். கோழிக்கு நல்லதே மாட்டுக்குக் கேடாகும் இன்னொரு இடம் இது.

கோழித் தீவனம் மிஞ்சிக் கிடக்கு. குதிரைக்குப் போடலாமா?

கூடாது. கறிக்கோழித் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்க மொனென்சின், சலினோமைசின் போன்றவை இருக்கலாம். கோழி தாங்கும் அளவே குதிரையின் இதயத்தைக் கொன்றுவிடும்.

வீட்லயே கலக்கிறோம். எப்படிக் கலந்தா நல்லது?

ஐம்பது கிலோ தீவனத்தின்மேல் ஒரு கிலோ கலவையைக் கொட்டி மண்வெட்டியால் இரண்டு புரட்டுப் புரட்டினால் ஒரு மாட்டுக்கு எல்லாமும் போகும், இன்னொன்றுக்கு ஒன்றும் போகாது. முதலில் ஒரு கிலோ கலவையை இரண்டு கிலோ தவிட்டில் நன்றாகக் கலக்குங்கள். அதை ஆறு கிலோ தவிட்டில். பிறகு மொத்தத்தில். ஒவ்வொரு படியிலும் நேரம் கொடுங்கள். எடைபோட்டுச் சேருங்கள், கைப்பிடிக் கணக்கு வேண்டாம்.

மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்ளுங்கள், கிடைத்தால் நல்ல முகக்கவசம். கோபால்ட் உப்புத் தூசி மூச்சில் போனால் நெஞ்சுக்கும் தோலுக்கும் ஒவ்வாமை தரும், நாள்பட்டுப் புற்றுநோய் அபாயமும் உண்டு. நம் வீடுகளில் இந்தக் கலக்கும் வேலையைப் பெண்கள்தான் செய்கிறார்கள், பாதுகாப்புக் கணக்கில் அவர்களும் ஒரு தரப்பு. கலக்கும் அறையில் பூச்சிமருந்து, உர மூட்டை எதுவும் வைக்கவே கூடாது.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைக்க வேண்டாம். 1973-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஓர் ஆலை, மாட்டுத் தீவனத்துக்கான மக்னீசியம் ஆக்சைடையும் தீப்பிடிக்காமலிருக்க பிளாஸ்டிக்கில் சேர்க்கும் நச்சு ரசாயனத்தையும் ஒரே இடத்தில் தயாரித்தது. இரண்டின் வணிகப் பெயரும் காதுக்கு ஒன்றுபோல இருந்தன. மூட்டை மாறித் தீவன ஆலைக்குப் போனது. ரசாயனப் பொறியியல் படித்திருந்த ஒரு பால்பண்ணைக்காரர், மாடு மெலிகிறது, பால் குறைகிறது, தீவனத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று விடாமல் ஆய்வகம் ஆய்வகமாக அலைந்து கண்டுபிடிக்கச் செய்ய அடுத்த ஆண்டு ஆனது. அதற்குள் அந்த மாநில மக்கள் பெரும்பாலோர் அந்தப் பாலையும் கறியையும் உண்டிருந்தார்கள். சுமார் 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் அழிக்க வேண்டி வந்தது.

மூட்டையில என்ன பார்க்கணும்?

எந்த மிருகத்துக்கு என்பது, ஒரு கிலோவில் எந்தச் சத்து எவ்வளவு என்பது, ஒரு நாளைய அளவு, தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி, முழு முகவரி. "ரகசியக் கலவை" என்று அளவைச் சொல்லாத எதையும் வாங்க வேண்டாம். ஒரே நேரத்தில் கலப்புத் தீவனம், தாதுக் கலவை, டானிக், நக்குக்கட்டி நான்கும் கொடுப்பவர்கள் நான்கு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செலினியம், செம்பு, வைட்டமின் டி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கணக்கு வராவிட்டால் நான்கையும் ஒரு படம் எடுத்து உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். வேலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையமும் இருக்கிறது, கேட்கத் தயங்க வேண்டாம்.

புது மூட்டை பிரிச்ச பிறகு மாடு சரியில்லாம போச்சு. என்ன செய்யறது?

அந்தத் தீவனத்தை உடனே நிறுத்துங்கள், பழைய தீவனம் இருந்தால் அதையும் வைக்கோலையும் மட்டும் கொடுங்கள். மருத்துவரை அழையுங்கள். மூட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கடைக்காரர் "மாத்தித் தர்றேன்" என்று வந்தாலும் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். என் வீட்டிலேயே அப்படி ஒருமுறை நல்லெண்ணத்தில் திருப்பிக் கொடுத்து, பிறகு சோதிக்க ஒரு பிடிகூட இல்லாமல் நின்றோம்.

மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து அரைக்கிலோ அளவு இரண்டு சுத்தமான பைகளில் கட்டுங்கள். தேதி, தொகுதி எண், எத்தனை மாடு தின்றது, எத்தனை மணிக்கு முதல் அறிகுறி என்று எழுதி உள்ளே வையுங்கள். பில்லையும் லேபிளையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு பையை நாமக்கல்லில் உள்ள பல்கலைக்கழகத் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பலாம், இன்னொன்று உங்களிடமே இருக்கட்டும். எதைச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும், "எல்லாம் பாருங்க" என்று அனுப்பினால் ஆய்வகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. மாடு இறந்துவிட்டால் மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்து ஈரல் துண்டும் பெருவயிற்று நீரும் எடுக்கும் வரை புதைக்க வேண்டாம். வெயில் காலம் என்றால் நிழலில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.